அலுத்துத் திரும்பியவரை மறுபடியும் கூப்பிடும் சாலை: நெடுந்தூர பைக் பயண ஈர்ப்பு, ஓர் எளிய விளக்கம்

பல நாள் பைக் பயணத்தை முடித்துவிட்டு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் நெற்றியில் அதன் பஞ்சுத் தடம் சிவப்பாகத் தெரியும். கிளட்ச் பிடித்தே பழகிய இடது கை விரல்கள் முழுதாக விரிய மறுக்கும். இடுப்பு பிடித்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து நிற்பதற்கே ஒரு நிமிடம் ஆகும். "இனி ஒரு வருஷத்துக்கு வண்டிப் பக்கமே போக மாட்டேன்" என்று அவர் சொல்வார். அந்த நேரத்தில் அதை முழு மனதோடுதான் சொல்வார். ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் அதே மனிதர் வரைபடத்தைத் திறந்து, தான் இன்னும் போகாத ஒரு மலைப்பாதையை விரலால் தடவிக்கொண்டிருப்பார். பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம் பெரியவர்கள் பெயர் வைத்திருக்கும் குறுகிய ஆயுள் கொண்ட உறுதிகளின் வரிசையில் பயண வைராக்கியத்தையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

உடம்பை இவ்வளவு வருத்தும் ஒன்றை மனம் ஏன் மறுபடியும் கேட்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. வேகம் தரும் கிளர்ச்சி என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது மட்டுமே காரணமாக இருந்தால் அரை மணி நேர ஓட்டத்திலேயே ஆசை தீர்ந்துவிட வேண்டும். நாள் முழுவதும் மிதமான வேகத்தில், மழையிலும் வெயிலிலும் ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பல ஆண்டுகளாக இந்த ஆசையோடு வாழ்ந்து, அதைப் பற்றிப் படித்தும் யோசித்தும் வந்ததில் நான் கண்டடைந்த பதில், ஈர்ப்பின் வேர் தூரத்தில் இருக்கிறது என்பதே. மணிக்கணக்கில் நம் முழுக் கவனத்தையும் கேட்கிற, ஆனால் திணறடிக்காமல் கேட்கிற வேலைகள் நம் வாழ்வில் மிகக் குறைவு. நெடுந்தூரப் பயணம் அவற்றில் ஒன்று. அந்தக் கவன நிலையை ஒருமுறை ருசித்த மனம் அதைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

பைக் பயணிகள் தங்களுக்குள் இதைப் 'போதை' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாடு, எந்தப் பொருளையும் உட்கொள்ளாமல் நடத்தையால் மட்டுமே உண்டாகும் அடிமைநிலையாகச் சூதாட்டம் ஒன்றையே ஏற்றுக்கொண்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் சூதாட்டத்தோடு வீடியோ விளையாட்டும் இடம்பெற்றது. பயணம் இரண்டிலும் இல்லை. ஆகவே போதை என்ற சொல்லை உவமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும், எதையேனும் மறுபடி மறுபடி தேட வைக்கும் மூளையின் ஏற்பாடு எல்லா ஆசைகளுக்கும் பெரும்பாலும் பொதுவானது என்பதால், அந்த உவமைக்குள் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள 1954-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகிய இருவரும், மூளையின் குறிப்பிட்ட பகுதிகளில் மெல்லிய மின்தூண்டல் கிடைக்கும் என்றால் எலிகள் அதற்காக ஒரு நெம்புகோலை ஓயாமல் அழுத்துகின்றன என்பதைக் கண்டார்கள். அது 'இன்ப மையம்' என்று வெகுகாலம் நம்பப்பட்டது. பின்னாளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் செய்த ஆய்வுகள் இந்த நம்பிக்கையை அசைத்தன. டோபமைன் என்னும் வேதிப்பொருள் ஏறக்குறைய முழுவதுமாக நீக்கப்பட்ட எலிகளின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டபோது அவை அதைச் சப்புக்கொட்டிச் சுவைத்தன. ஆனால் அதே எலிகள், பக்கத்திலேயே உணவு இருந்தும், அதைத் தேடிப் போகவில்லை. அதாவது ஒன்று நமக்குப் 'பிடித்திருக்கிறது' என்பதும் அது நமக்கு 'வேண்டும்' என்பதும் மூளையில் தனித்தனியாக நடக்கும் இரண்டு காரியங்கள். டோபமைனுக்கு அதிகத் தொடர்பு இருப்பது இரண்டாவதோடு.

பயண வைராக்கியம் ஏன் உடைகிறது என்பதற்கான முதல் விடை இங்கே கிடைத்துவிடுகிறது. விடாத மழையில், கையுறைக்குள் தண்ணீர் தேங்கி, எதிரே வரும் விளக்குகள் வைசரில் சிதறித் தெரியும் ஓர் இரவில் ஓட்டுவது யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடித்ததில்லை. ஆனால் அந்த இரவின் கசப்பு, அடுத்த பயணம் 'வேண்டும்' என்கிற உந்துதலைத் தொடுவதே இல்லை. ஏனென்றால் அந்த உந்துதல் இன்பத்தைக் கணக்குப் பார்த்துப் பிறப்பதில்லை.

இன்னொரு செய்தியும் இதோடு சேர்கிறது. 1990-களில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் சுரக்கும் நரம்புச் செல்கள் எப்போது துடிக்கின்றன என்று அளந்தார். எதிர்பாராமல் சாறு கிடைக்கும்போது அவை பலமாகத் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், துடிப்பு விளக்குக்கு மாறியது. சாறு கிடைத்த தருணத்தில் தனித் துடிப்பு எதுவும் இல்லை. கிடைத்துவிட்ட பொருளைவிட, கிடைக்கப்போகிறது என்ற அறிகுறிக்கும் எதிர்பாராத வரவுக்கும்தான் மூளை அதிக மதிப்புக் கொடுக்கிறது. இப்போது ஒரு வளைந்து செல்லும் சாலையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வளைவும் ஓர் அறிகுறி. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது இன்னும் தெரியாது. சில வளைவுகளுக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது, சிலவற்றுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கே திறந்துகொள்ளும். எது எப்போது என்று கணிக்க முடியாத வரவுகளை இவ்வளவு நெருக்கமாக, நாள் முழுவதும் அடுக்கித் தரும் ஏற்பாடு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. "அந்த வளைவு வரைக்கும் போய்விட்டு நிறுத்திக்கொள்ளலாம்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் 50 கிலோமீட்டர் போய்விடுவது ஒவ்வொரு பயணிக்கும் நேர்ந்திருக்கும்.

காரில் போனாலும் அதே சாலைதானே, அதே வளைவுதானே என்று கேட்கலாம். வித்தியாசம் உடம்பில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கார் வளைவில் திரும்பும்போது நம்மை வெளிப்பக்கமாகத் தள்ளுவதுபோல் தோன்றும். நாம் இருக்கையில் பக்கவாட்டில் சரிவோம். பைக் அப்படித் திரும்புவதில்லை, உள்பக்கமாகச் சாய்ந்து திரும்புகிறது. 100 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டுமானால் வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து ஏறத்தாழ 22 டிகிரி சாய வேண்டும். அந்தச் சாய்வில் எல்லா விசைகளும் ஒன்றுகூடி, முதுகுத்தண்டின் வழியாக நேராக இருக்கைக்குள் இறங்குகின்றன. பக்கவாட்டுத் தள்ளல் என்ற ஒன்றே உணரப்படுவதில்லை. கண்ணுக்கு முன் அடிவானம் ஒரு பக்கமாகச் சரிகிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ 'நீ நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறாய், கொஞ்சம் எடை கூடியிருக்கிறாய்' என்று சொல்கிறது. அந்தக் கூடுதல் எடை 8 சதவீதம் அளவுக்குத்தான். ஆனால் உடம்பு அதை நன்றாக அறிகிறது. வளைவு முடிந்து வண்டி நிமிரும்போது அந்த எடை இறங்கும். ஊஞ்சலில் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு மிக நெருங்கிய உறவினன் இது.

சாய வைக்கும் முறையும் விசித்திரமானது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஹேண்டில்பாரின் இடது பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் ஒதுங்க, வண்டி இடப்பக்கம் சாய்ந்து, பிறகு தானாகவே இடப்பக்கம் திரும்பும். சொல்லிக் கேட்டால் தலைகீழாகத் தோன்றும் இதை, பைக் ஓட்டத் தெரிந்த எல்லோரும் அறிந்தோ அறியாமலோ செய்துகொண்டிருக்கிறார்கள். கை செய்வதை மனம் யோசிக்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தபின், பார்வை எங்கே போகிறதோ அங்கே வண்டி போவதாகத் தோன்றும். இயந்திரம் உடம்பின் நீட்சியாக ஆகிவிட்டது என்று பயணிகள் சொல்வது மிகையில்லை. கருவியைப் பழகப் பழக மூளை அதை உடம்பின் கணக்கில் சேர்த்துக்கொள்வது நரம்பியல் அறிந்த செய்தி.

இதோடு புலன்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாலை மங்கிய பிறகு மேட்டுநிலத்திலிருந்து ஓர் ஓடையை நோக்கி இறங்கும் சாலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: பாலம் வருவதற்கு முன்பே குளிர்ந்த காற்று முழங்காலில் படும், பிறகு மார்பில், பிறகு ஹெல்மெட்டின் கீழ் விளிம்பு வழியாகத் தாடையில். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீரைப் போலவே தாழ்வான இடத்தில் போய்த் தேங்குகிறது. ஈர மண்ணின் வாசம் ஒரு நொடி வந்து போகும். மறுகரையில் ஏறும்போது, பகல் முழுவதும் வெயில் குடித்த பாறைகளின் வெப்பம் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் உறைக்கும். கண்ணாடிக்குள் அமர்ந்து இதே இடத்தை நூறு முறை கடந்தவருக்கும் அங்கே ஓர் ஓடை இருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது. நிலத்தின் மேடுபள்ளத்தைத் தோலால் படிப்பது என்று இதைச் சொல்வேன். எனக்கு இந்தப் பழக்கத்தில் மிகவும் பிடித்தமான பகுதியும் இதுதான்.

இனி, தூரம் ஏன் முக்கியம் என்பதற்கு வருவோம். உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970-களில் மலையேறிகள், சதுரங்க ஆட்டக்காரர்கள், அறுவை மருத்துவர்கள் போன்றோரிடம் பேசி ஒரு நிலையை விவரித்தார். செய்யும் வேலையின் கடினமும் செய்பவரின் திறமையும் ஏறக்குறைய சமமாக இருந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்து, செய்ததன் பலன் உடனுக்குடன் தெரிந்தால், மனிதர் தன்னைப் பற்றிய நினைவையே இழந்து வேலையில் கரைந்துவிடுகிறார். நேரம் போவதும் தெரிவதில்லை. ஓட்டம் என்று பொருள்படும் 'ஃப்ளோ' என்ற சொல்லை அவர் இதற்குப் பயன்படுத்தினார். பைக் ஓட்டுவது இந்த மூன்று நிபந்தனைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. வேலை மிகவும் எளிதாகிவிட்டால் வேகத்தைச் சற்றுக் கூட்டியோ வளைவுப்பாதையைத் தேர்ந்தோ, மிகவும் கடினமாகிவிட்டால் வேகத்தைக் குறைத்தோ, அந்தச் சமநிலையை ஓட்டுபவரே தன் வலது மணிக்கட்டால் சரிசெய்துகொள்ள முடிகிறது.

ஆனால் சாவியைத் திருப்பியவுடன் இந்த நிலை வந்துவிடாது. முதல் ஒரு மணி நேரம் மனம் இன்னும் வீட்டில்தான் இருக்கும்: கேஸை மூடினோமா, அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போட்டோமா, நேற்று அவர் ஏன் அப்படிப் பேசினார். இரண்டாவது மணி நேரத்தில் இந்தப் பேச்சு தேய்கிறது. எனக்குப் பெரும்பாலும் மூன்றாவது மணி நேரத்தில்தான், மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த வானொலி நின்றுபோனதை, அது நின்று வெகுநேரம் ஆனபின் கவனிப்பேன். சாலை, காற்று, எஞ்சினின் சீரான ஒலி, மிரரில் ஒரு பார்வை, இவை மட்டும் மிஞ்சியிருக்கும். அரை மணி நேரச் சவாரி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இந்த வாசல் வரைகூட வருவதில்லை. பல நாள் பயணத்தில், மூன்றாம் நாள் காலையில் வண்டியைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே அந்த நிலை வந்து சேர்ந்துகொள்கிறது. பயணிகள் நாள்கணக்கைக் கூட்டிக்கொண்டே போக விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

ஓட்டும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அளந்து பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50-க்கும் மேற்பட்ட அனுபவமிக்க ஓட்டுநர்களின் மூளை அலைகளையும் ஹார்மோன்களையும் அளந்ததில், சுமார் 20 நிமிட ஓட்டத்தில் இதயத்துடிப்பு 11 சதவீதமும் அட்ரினலின் 27 சதவீதமும் உயர்ந்ததாகவும், மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் அளவீடு 28 சதவீதம் குறைந்ததாகவும் தெரிவித்தார்கள். விழிப்பு கூடி அழுத்தம் குறைவது என்ற இந்தச் சேர்க்கை பயணிகள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஹார்லி டேவிட்சன் என்ற பைக் நிறுவனம் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

நினைவும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. 1993-இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் நடத்திய சோதனையில், ஒருமுறை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு, நீரை ஒரே ஒரு டிகிரி சூடேற்றி, மேலும் 30 விநாடி வைக்கச் சொன்னார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். வேதனையின் மொத்த அளவை நினைவு கூட்டிப் பார்ப்பதில்லை; உச்சத்தையும் முடிவையும் மட்டும் வைத்துக்கொள்கிறது. மழை இரவு ஒரு சூடான அறையில் முடிந்ததென்றால், ஒரு மாதம் கழித்து அந்த அறைதான் முன்னால் வந்து நிற்கும்.

இந்த ஈர்ப்பு இன்று நேற்று வந்ததில்லை. கார்ல் ஸ்டெர்ன்ஸ் கிளான்சி என்ற அமெரிக்கர், நல்ல சாலைகளே அரிதாக இருந்த 1912-13-இல், ஹெண்டர்சன் பைக்கில் உலகத்தைச் சுற்றி சுமார் 29,000 கிலோமீட்டர் ஓட்டினார். ஆன்-ஃபிரான்ஸ் டோட்வில் என்ற பிரெஞ்சுப் பெண் 1973-இல் தனியாக உலகைச் சுற்றினார். அர்ஜென்டினாவின் எமிலியோ ஸ்கோட்டோ 1985-இல் புறப்பட்டு 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 7,35,000 கிலோமீட்டர் கடந்தார். ஆனால் ஈர்ப்பின் பிடி எப்படிப்பட்டது என்பதற்கு நான் காட்டும் உதாரணம் டெட் சைமன். பிரிட்டனைச் சேர்ந்த அவர் 1973 முதல் 1977 வரை ஒரு 500 சிசி டிரையம்ப் வண்டியில் உலகைச் சுற்றி வந்தார். பிறகு 2001-இல், தம் 69-வது வயதில், ஏறக்குறைய அதே வழியில் மறுபடியும் கிளம்பினார். போய் வந்தாயிற்று என்பது இங்கே நிறுத்திக்கொள்வதற்குக் காரணமாவதில்லை.

பயணம் முடிந்த பிறகு வரும் நாள்களைப் பற்றியும் புதியவர்கள் அறிந்திருப்பது நல்லது. நீண்ட நேரம் ஓட்டி நிறுத்தியவுடன், எதிரே உள்ள சுவரோ மரமோ மெல்லப் பின்வாங்கிப் போவதுபோல் தோன்றும். பயப்பட ஒன்றுமில்லை. அருவியை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தால் பாறை மேலேறுவதுபோல் தெரியும் என்று 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் குறித்துவைத்த அதே கண்மயக்கம்தான் இது. ஒரே திசை அசைவுக்குப் பழகிய பார்வை நரம்புகள் சமநிலைக்குத் திரும்பும்வரை நீடிக்கும். மனத்துக்கு இந்தச் சமநிலை திரும்பச் சில நாள்கள் ஆகும். எங்கே தூங்குவது, எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது, மழை வருமா என்ற மூன்று கேள்விகளுக்குள் சுருங்கியிருந்த நாள், திடீரென்று நாற்பது சிறு கடமைகளாகச் சிதறும்போது ஒரு சோர்வு கவிகிறது. ஊரும் உறவும் பிடிக்காமல் போய்விட்டதாக இதற்குப் பொருள் இல்லை. கவனம் ஒரே இடத்தில் குவிந்து பழகியதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

ஈர்ப்பின் ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அடுத்த வளைவை நோக்கி இழுக்கும் அதே உந்துதல், களைத்த உடம்பு சொல்வதைக் கேட்கவிடாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி கண் செருகினால் வண்டி 75 மீட்டர் பார்வையின்றி ஓடியிருக்கும். ஒருமுறை இருட்டிய பிறகு, இன்னும் கொஞ்சம் தூரம்தானே என்று ஓட்டிக்கொண்டிருந்தவன், கடைசியாகக் கடந்த கிராமம் எது, எப்போது கடந்தேன் என்பது சுத்தமாக நினைவில் இல்லை என்பதை உணர்ந்து, சாலையை விட்டு விலகி வண்டியை நிறுத்தினேன். சைடு ஸ்டாண்டைப் போட்ட பிறகும் வெகுநேரம் கை நடுங்கியது. அன்றிலிருந்து, கடந்த 10 நிமிடத்தை என்னால் விவரிக்க முடியவில்லை என்றால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது என்று வைத்திருக்கிறேன். முழுக் கவனத்தில் கரைவதும் களைப்பில் மங்குவதும் உள்ளிருந்து பார்க்க ஒரேமாதிரி அமைதியாகத் தோன்றும். முன்னதில் சாலை துல்லியமாக நினைவிருக்கும், பின்னதில் இருக்காது.

காதையும் மறக்கக் கூடாது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது செவிப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் இந்த அளவை எளிதில் தாண்டிவிடும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான் கணக்கு. காது அடைப்பான் போட்டுக்கொண்டால் செவி தப்பிப்பதோடு, மாலையில் வரும் களைப்பும் வெகுவாகக் குறைகிறது. பெரிய தூரங்களை இலக்காக வைக்கும் மரபும் உண்டு. அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன், 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் ஓட்டி முடித்ததை ஆவணங்களோடு நிரூபிப்பவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. தொடங்குபவர்களுக்கு அந்த எண் தேவையே இல்லை. வெளிச்சத்திலேயே தொடங்கி வெளிச்சத்திலேயே முடிகிற, நடுவில் மூன்று நான்கு முறை இறங்கி நடக்க நேரமிருக்கிற ஒரு நாளே அந்த மூன்றாவது மணி நேரத்தைக் காட்டிவிடும்.

ஈர்ப்பு எல்லை மீறுகிறதா என்று பார்ப்பதற்கு நான் பயன்படுத்தும் அளவுகோல் எளிமையானது. பயணம் முடிந்து வந்தபின் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா, அல்லது ஓடோமீட்டர் எண் மட்டும்தான் இருக்கிறதா என்று பார்ப்பேன். எண் மட்டும் இருந்தால் அடுத்த பயணத்தின் தூரத்தைப் பாதியாகக் குறைப்பேன். பெரும்பாலும் அந்தப் பாதித் தூரத்தில் இரண்டு மடங்கு கதை கிடைக்கும்.

திரும்பி வந்த மறுநாள் வண்டியைக் கழுவுவது வழக்கம். செயினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, டயரைச் சுற்றிப் பார்த்து, கடைசியாக எஞ்சினுக்கு அடியில் கையை விட்டால் காய்ந்த சேறு அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும். மேலே சாம்பல் நிறம், கடைசி நாள் மழை. அதன் கீழே சிவப்பு, மலையிறக்கத்தில் சாலை பெயர்ந்து கிடந்த இடம். அதற்கும் கீழே விரல் நகத்தில் மாவுபோல் ஒட்டும் வெளுத்த மண், முதல் நாள் காலை வழிதவறிப் போய்ச் சேர்ந்த ஆற்றங்கரை. சென்ற முறை அந்தக் கடைசி அடுக்கை மட்டும் கழுவாமல் விட்டுவைத்தேன்.